மீசை வைத்த தேன்சிட்டு

லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் வீட்டின் பின்பக்கம் ஒரு சிவப்புப் போத்தல் தொங்குகிறது. உள்ளே ஒரு பங்கு சீனிக்கு நாலு பங்கு தண்ணீர். சாயம் கலக்கக் கூடாது, தேன் விடக் கூடாது, புளிக்க முன்னர் கழுவி மாற்ற வேண்டும். இவ்வளவு சுத்தபத்தமாக நான் எனக்கே தேநீர் போட்டுக்கொண்டதில்லை. உபசாரமெல்லாம் ஹம்மிங்பேர்ட் என்ற குருவிக்கு. வந்ததென்னவோ குளவிகள். அவை குடும்பத்தோடு வந்தன.

பிரச்சினை குருவியல்ல, கனடா. எங்கள் ஒரே மகள் துளசி கலியாணம் கட்டி டொரொண்டோவில் இருக்கிறாள். ஒக்டோபரில் அவளுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது. "அப்பா, ஹவுஸை வித்துப்போட்டு ரெண்டு பேரும் இஞ்சை வாங்கோவன்" என்று ஞாயிறு தோறும் போனில் சொல்வாள். வார்த்தை எடுபடாத நாட்களில் வீடியோ அனுப்புவாள். அவளுடைய பல்கனிப் போத்தலுக்கு முன்னால், பெருவிரல் பருமனில் ஒரு குருவி அந்தரத்தில் நின்று குடிக்கும். பிறகு பின்பக்கமாகவே பறந்து விலகும், கோவில் மூலஸ்தானத்திலிருந்து வெளியேறும் ஐயர் மாதிரி.

என் மனைவி ராஜி அந்த வீடியோக்களை வேலையால் வந்து சப்பாத்தும் கழற்றாமல் பார்ப்பாள். "பாத்தியளேப்பா? எங்கட தேன்சிட்டு. கனடாவிலை கூட இருக்கு. இந்த லண்டனிலை புறாவைத் தவிர என்ன கிடக்கு?"

"ஏன், இஞ்சையும் வரும். நாங்கள் கூப்பிடேல்லை, அவ்வளவுதான்."

"ஒண்டு வரட்டும் பாப்பம். வந்தால் நான் கனடாக் கதையை விடுறன்."

அவள் பகிடிக்குச் சொன்னாள். நான் அன்றிரவே போத்தலுக்கு ஓடர் கொடுத்தேன்.

புதிய நாட்டுக்குப் போவது எனக்குப் புதிய விஷயமல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து வன்னி, வன்னியிலிருந்து கொழும்பு, அங்கிருந்து இங்கே. ஒவ்வோரிடத்திலும் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லி, எந்தக் கடையில் நல்ல மீன் என்று அறிந்து, பஸ் நம்பர்களைப் பாடமாக்கி முடிய ஒரு வயசு போய்விடுகிறது. இன்னுமொரு நாட்டுக்கு என்னை அறிமுகப்படுத்திக்கொள்ள எனக்கு உற்சாகமில்லை. இதை ராஜியிடம் நேரே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் குருவி பிடிக்க வெளிக்கிட்டேன். எலிசபெத் லைன் ரயிலில் வேலைக்குப் போகும்போது குருவி வீடியோ பார்ப்பேன். மழை தூறினால் போத்தலைப் பார்க்க வெளியே ஓடுவேன். இரண்டு நிமிஷம் தொடர்ந்து கதிரையில் இருக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டுக் கொலின் ஒரு நாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். மனைவி காலமான பிறகு தனியாக இருக்கும் மனிதர். வானிலையைத் தவிர வேறெதுவும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. போத்தல் எதற்கு என்று கேட்டார். சொன்னேன். "ரோங் கன்ட்ரி, மேட்" என்றார், அன்பாக.

பிழையான நாட்டுக்கு வந்துவிட்டாய் என்று எனக்குச் சொல்லப்படுவது அதுதான் முதல் தடவை என்றில்லை. ஆனால் இவ்வளவு சிரித்த முகத்தோடு ஒருவரும் சொன்னதில்லை. கோபத்தோடு உள்ளே போய் ராஜியிடம் முறையிட்டேன். அவள் போனில் தட்டிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அந்தாள் குருவியைச் சொல்லியிருக்குதப்பா. அது அமெரிக்கா, கனடாப் பக்கம் மட்டும்தானாம். இஞ்சை இல்லையாம். எங்கட ஊரிலையும் இல்லையாம்."

ஊரில் இல்லையா? எங்கள் ஆங்கில வாத்தியார் கரும்பலகையில் தேன்சிட்டு என்றெழுதி, பக்கத்தில் ஹம்மிங்பேர்ட் என்று போட்டவர். அதை நம்பி நான் ஒரு கட்டுரையே எழுதிப் பாராட்டு வாங்கியிருக்கிறேன். இப்போது பார்த்தால், ஊரில் எங்கள் முற்றத்துச் செவ்வரத்தைப் பூவுக்கு வந்தது ஆங்கிலத்தில் சன்பேர்டாம். அது வளைந்த சொண்டோடு கொப்பில் குந்தியிருந்து குடிக்கிற சாதி. மற்றது குந்தாது. இரண்டும் தூரத்து உறவுகூட இல்லை. இவ்வளவு வருஷமாக என்னிடம் இல்லாத ஒன்றை விட்டுவிட்டு வந்ததாக நான் கவலைப்பட்டிருக்கிறேன்.

போத்தலைக் கழற்ற மனம் வரவில்லை.

ஓகஸ்டில் ஒரு பின்னேரம், கொலினின் சுவர் வெடிப்பில் தானாக முளைத்த சிவப்பு வலேரியன் பூக்களுக்கு முன்னால் ராஜி நின்று கத்தினாள். "இஞ்சை ஓடி வாங்கோ! உங்கட ஆள் வந்திட்டார்!"

ஓடினேன். அந்தரத்தில் நின்றது. செட்டைகள் கண்ணுக்குப் புகைபோலத் தெரிந்தன. ரீங்காரம் காதுக்குக் கேட்டது. பூவுக்குப் பூ தாவி, நீளமாக எதையோ உள்ளே விட்டு உறிஞ்சியது. நான் சின்னப் பிள்ளைபோலக் கைதட்டினேன். ராஜி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாலையே துளசிக்குப் போன் எடுத்தாள். "நாங்கள் வரேல்லைப் பிள்ளை. அப்பாக்கு இஞ்சைதான் சரிவரும்." அந்தப் பக்கத்திலிருந்து வந்தது இவ்வளவுதான்: "ஓகே அம்மா." குரல் மிகச் சின்னதாக இருந்தது.

வென்றவன் நித்திரை கொள்ள வேண்டும். எனக்கு நித்திரை வரவில்லை. அடுத்த நாள் கொலினிடம் பெருமையடிக்கப் போனேன். படம் எடுத்திருந்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "அது ஹோக்மொத். பூச்சி. தலையில் உணர்கொம்பு பார். ஒவ்வொரு கோடையும் கடல் கடந்து வரும். மைக்ரன்ட்தான்." சொன்னவுடன் அவருடைய கழுத்து சிவந்தது. "பூச்சியைச் சொன்னேன்" என்றார் அவசரமாக. "தெரியும், தெரியும்" என்றேன் நானும் அவசரமாக. இருவரும் வானத்தைப் பார்த்து, மழை வரலாம் என்று ஒத்துக்கொண்டோம்.

ஒரு பூச்சியைக் காட்டி மகளின் பிள்ளைப்பேற்றுக்குத் தாயைப் போகாமல் மறித்திருக்கிறேன். குசினிக்குப் போனேன். ராஜி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாரும், அது குருவியில்லையாம். பூச்சியாம்."

"எனக்கு நேற்றே தெரியும். குருவிக்கு எங்கையப்பா மீசை?"

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நான் உங்கட ஆள் வந்திட்டார் எண்டுதான் சொன்னனான். குருவி எண்டு நீங்கள்தான் துள்ளினியள்." கத்தியை வைத்தாள். "மழைக்குள்ளை சீனித்தண்ணியோடை நிண்ட மனுசனை என்னெண்டு கூட்டிக்கொண்டு போறது? அங்கை வந்து சுவரைப் பாத்துக்கொண்டெல்லோ இருப்பியள். எனக்குப் பிள்ளையிட்டைப் போகோணும். உங்களை விட்டிட்டும் போக ஏலாது. நான் என்ன செய்ய?"

வெங்காயத்தின் மேல் பழியைப் போட அவளுக்கு வசதியிருந்தது. எனக்கு அதுவுமில்லை.

"வீட்டை விக்க வேண்டாம்" என்றேன். "ஆனால் போவம். பிள்ளை பிறக்க முன்னம் போவம்."

துளசிக்கு அன்று நான்தான் போன் எடுத்தேன். அழுதாள், பிறகு சிரித்தாள். "ஆனால் அப்பா, நீங்கள் வரேக்கை ஹம்மிங்பேர்ட்ஸ் எல்லாம் சவுத்துக்குப் போயிடும். விண்டருக்கு இஞ்சை நிக்காது." நான் போகிற நாட்டை விட்டு இந்த முறையாவது எனக்கு முதல் குருவிகள் புறப்படட்டும்.

சனிக்கிழமை விமான ரிக்கெற் கடைக்குப் போனோம். யாழ்ப்பாணத்துப் பொடியன்தான், கழுத்துப்பட்டி கட்டி, வாயில் சுவிங்கம்.

"ரிட்டேர்ன்தானே அண்ணை?"

"ஓம் தம்பி."

"எங்கையிருந்து ரிட்டேர்ன் போடுறது? இஞ்சையிருந்து போய்த் திரும்பி வாறதோ, அங்கையிருந்து வந்து திரும்பிப் போறதோ? பிறகு மாத்த ஏலாது, யோசிச்சுச் சொல்லுங்கோ."

இஞ்சையிருந்து என்று சொல்ல வாயெடுத்தேன். ராஜி என்னைப் பார்த்தாள். நான் ராஜியைப் பார்த்தேன். கீபோர்ட்டுக்கு மேலே அவனுடைய விரல், தொடாமல், அப்படியே நின்றது.