கறுப்புப் பை

என் வீட்டுக்காரருக்குக் கேமரா இரண்டு, பையும் இரண்டு. பழுப்புப் பை கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும். கறுப்புப் பை, போலீஸ் கூப்பிட்டால் மட்டும். கேட்பாரற்ற பிணம் எங்கே கிடந்தாலும் இவர்தான் போய்ப் படம் எடுப்பார். பாதம், வலது கை, இடது கை, பின்னந்தலை. கடைசியில் புரட்டிப் போடச் சொல்லி முகம். அந்த வரிசை மாறாது. வீட்டின் முன்னறைதான் ஸ்டூடியோ. கறுப்புப் பை அதைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்பது என் சட்டம். மனுஷன் என் பேச்சைக் கேட்ட ஒரே விஷயம் அதுதான்.

எங்கள் ஒரே பிள்ளை பாதிரியாராகும் குருப்பட்ட நாள் வந்தது. "என் மகனை வேற எவனோ வந்து எடுக்கிறதா? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று இவரே கிளம்பினார். வாயைத் திறந்தால் நல்ல வார்த்தை வராது.

குருவாகிறவன் பீடத்துக்கு முன்னால் குப்புறப் படுக்க வேண்டும். புனிதர்களின் பெயர்களையெல்லாம் பாடி முடிக்கும்வரை எழக்கூடாது. என் பிள்ளை வெள்ளை அங்கியோடு, வெறுங்காலோடு கம்பளத்தில் படுத்தான். நெற்றி தரையில் பட்டிருந்தது. அப்போதுதான் இவரைப் பார்த்தேன். கேமராவில் சிவப்பு வார் தொங்கியது. கறுப்புப் பைக் கேமராவின் வார் அது.

இவர் பாதத்தின் பக்கம் குனிந்தார், வலப்பக்கம் போனார், இடப்பக்கம் வந்தார். அப்பன் முகமே இல்லை அது. ஜனமெல்லாம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் பாட, நான் மட்டும் "எழுந்திருடா, எழுந்திருடா" என்று முணுமுணுத்தேன். இனிமேல் அவனை 'டா' போட்டுக் கூப்பிடக்கூடாதாம். அதை அவன் எழுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எழுந்தான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிள்ளையோடு வீட்டுக்கு வந்ததும் இவரை ஸ்டூடியோவில் பிடித்துக்கொண்டேன்.

"அந்தச் சனியனை ஏன் எடுத்துட்டு வந்தீங்க?"

"காலையில மத்தது மக்கர் பண்ணிடுச்சு. சொன்னா விட்டிருப்பியா?"

கம்ப்யூட்டரில் படங்களைத் தள்ளினார். பாதம். வலது கை. இடது கை. பின்னந்தலை.

"பெத்த பிள்ளைய இப்படியா எடுப்பீங்க?"

"எப்படி எடுத்தேன்?" என்றார். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. கை தன் பழக்கத்துக்கு வேலை செய்திருக்கிறது.

அடுத்ததைத் தட்டினார். முகம்.

மல்லாந்து கிடக்கிற என் பிள்ளையின் முகம். கண்கள் மூடியிருந்தன, காதுக்கடியில் அதே கம்பளம். அவன் குப்புறத்தான் கிடந்தான், கோயிலே பார்த்தது. யாரும் அவனைப் புரட்டவில்லை.

"இதை நான் எடுக்கலை," என்றார். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "அம்மா, பசிக்குதும்மா."

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் 'அம்மா'வை இழுத்துச் சொல்வானே, அதே இழுப்பு. ஆனாலும் நான் உடனே போகவில்லை. பயம், வேறென்ன. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போகாத," என்றார்.

உதறிவிட்டேன். எழுந்து வந்தது எதுவாக இருந்தாலும் என்னை அம்மா என்கிறது, பசிக்கிறது என்கிறது.

"வரேண்டா," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனேன்.