வேலாயுதம் கட்டிய மூன்றாம் சரணம்

பாடலாமா என்று அனுமதி கேட்க வந்தவர் சொல்லித்தான் வேலாயுதம் காலமான செய்தி எனக்குத் தெரிந்தது. ஜொகூர் பாருவில் நான் வேலை பார்க்கும் பள்ளியின் வாசலில் அவருடைய மருமகன் நின்றிருந்தார்.

"மாமா தவறிட்டாருங்க ஐயா. கருமாதிக்குப் பஜனை வைக்கிறோம். உங்க பாட்டை உங்களைக் கேட்டுட்டுத்தான் பாடணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

பாடச் சொன்னேன்.

சிகாமட் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் அவரை அறியாதவர்கள் இல்லை. மிதிவண்டியில் புடவை மூட்டையோடு வருவார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று பாடுவார். கூட்டம் சேர்ந்ததும் மூட்டையை அவிழ்ப்பார். "கேக்குறது இனாம், கட்டுறதுக்குத்தான் காசு" என்பார். அவர் பாடியது நான் எழுதி அச்சிட்ட முருகன் பாட்டு. அதையாவது பொறுத்திருப்பேன். பாட்டின் கடைசி அடியில் கட்டியவன் பெயர் வருவது நம் வழக்கம். 'சிவக்கொழுந்து' என்று என் பெயர் வர வேண்டிய இடத்தில், அந்தந்தத் தோட்டத்துக் கங்காணியின் பெயரைப் போட்டுப் பாடினார். கங்காணிகள் பூரித்துப்போய்ப் புடவை எடுத்தார்கள்.

அதே சமயம் சிங்கப்பூரில் என் புத்தகத்தை அடித்த அச்சகத்தார், என்னைக் கேளாமலே கூடுதல் பிரதிகள் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் எனக்கு வாய் எழவில்லை. அடுத்த புத்தகத்தையும் அவர்களிடம்தான் கொடுக்க வேண்டியிருந்தது. வக்கீல் நோட்டீசு வேலாயுதத்துக்குப் போனது. சட்டப்படி அது சரிதான். இன்றைக்கும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் அதை யாருக்கு அனுப்பினேன் என்பதுதான் உறுத்துகிறது.

நோட்டீசை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"என்னா வாத்தியாரே, முருகன் பாட்டுக்கு முருகனே நோட்டீசு விடல, நீங்க விட்டிருக்கீங்க?"

"உன் மூட்டையை ஒருத்தன் தூக்கிக்கிட்டுப் போனா சும்மா இருப்பியா?"

"மூட்டை போனா என்கிட்ட இருக்காது. பாட்டைத்தான் நான் பாடிட்டு இங்கேயே விட்டுட்டுப் போறனே. உங்ககிட்ட என்னா கொறஞ்சுது?"

"பேரு" என்றேன்.

அவருடைய சிரிப்பு நின்றது. "அது ஞாயந்தான். இனிமே உங்க பேரோட பாடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாய் காப்பி குடியுங்கள் என்று நான் சொல்லவில்லை.

கருமாதிக்குப் போனேன். தோட்டத்துக் கோயிலில் பஜனை நடந்தது. கடைசி அடியில் சிவக்கொழுந்து என்று வந்ததும், அங்கிருந்த பெண்கள் எல்லாரும் கைகூப்பிக் கும்பிட்டார்கள். பக்கத்திலிருந்த அம்மாளிடம், "யாரைக் கும்பிடுறீங்க?" என்று கேட்டேன்.

"பாட்டுல பேரு வருதே, அந்தச் சித்தரத்தான்."

"அவர் உயிரோட இருக்காரும்மா."

"நல்லா சொன்னீங்க! பாட்டுல பேரு வர்றவங்க எந்தக் காலத்துல உயிரோட இருந்தாங்க? ரொம்பப் பெரிய மனசுக்காரருன்னு வேலாயுதண்ணன் சொல்லும்."

நோட்டீசைப் பற்றி மருமகனைத் தவிர அவர் அங்கே ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. தலைமையாசிரியர் பதவி முதல் சபைகளின் மாலை வரை, வர வேண்டியது எதுவும் வரவில்லை என்று இத்தனை காலம் கருவிக்கொண்டிருக்கிறேன். கேட்டபடியே பெயர் கிடைத்த ஒரே இடத்தில், அது நான்தான் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

இன்னொன்றும் அன்று காதில் விழுந்தது. நான் எழுதியது இரண்டு சரணம். அவர்கள் மூன்று பாடினார்கள்.

"பால்மரக் காட்டிருளில் பாதை தவறினால்
முன்னே நடப்பாய் விளக்கேந்தி"

"இது யார் கட்டினது?" என்று மருமகனைக் கேட்டேன்.

"மாமாதாங்க. விடியறதுக்கு முன்னாடி மரம் சீவப் போறவங்களுக்குன்னு சேத்தாரு." அவர் முகம் வாடியது. "தப்புங்களா ஐயா? அதுக்கும் நோட்டீசு வருமா?"

என் இரண்டு சரணங்களிலும் இல்லாத வெளிச்சம் அந்த ஒன்றில் இருந்தது. கேட்டவர்கள் அதையும் சிவக்கொழுந்தின் வாக்கு என்றே கும்பிட்டார்கள்.

வேலாயுதத்திடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த இரண்டு அடிகளை மட்டுமே. அடுத்த பதிப்பில் சேர்க்க மாட்டேன். சேர்த்தால், கடைசி அடியிலுள்ள என் பெயர் அதையும் எனதாக்கிவிடும். அவரை அறிந்தவர்களுக்காக இங்கே எழுதியிருக்கிறேன். எழுதலாமா என்று கேட்டு வர, அவரிடம் நான் யாரை அனுப்புவேன்?