சார்ஜன் அண்ணையின் தொப்பியில் இருந்த மரம்

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த காலை பஸ் ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்றதும், கொண்டக்டர் என் தேத்தண்ணிக் கடையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்: "சார்ஜன் அண்ணை பெரியாஸ்பத்திரியிலை மோசம் போயிட்டார்." அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. நெஞ்சுவலியாலை செத்தார் என்று டாக்குத்தர் சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன்.

சார்ஜன் மரியாம்பிள்ளை அண்ணையை அறிந்தவர்களுக்கு அந்தப் பித்தளைச் சின்னத்தையும் தெரியும். இளமையெல்லாம் இராணுவத்தில் கழித்தவர். ஞாயிறு பூசைக்கு முன் தன் பழைய படைத்தொப்பியில் இருந்த சின்னத்தைப் பழப்புளி போட்டு மினுக்குவார். மேலே கிரீடம், நடுவில் யானை, யானைக்குப் பின்னால் ஒரு மரம். கடைக்கு வருகிற எவரும் தப்ப முடியாது, விளக்கம் தொடங்கிவிடும்.

"கிரீடம், நாங்கள் சத்தியம் பண்ணிக் குடுத்த இடம். யானை, எடுத்த பாரத்தை நடுவழியிலை இறக்காது. மரம், பனை. எங்கடை ஆக்களும் இந்தப் படையிலை இருக்கினம் எண்டு வெள்ளைக்காரன் வைச்சது."

"அண்ணை, அது தென்னை. கண்ணாடியைப் போட்டுப் பாருங்கோ."

"நீர் தேத்தண்ணியை ஆத்தும்! பனை தெரியாத தீவான் உலகத்திலையே நீர் ஒருத்தர்தான்."

மரம் வளைந்து நின்றது, குலையும் தொங்கியது. ஆனால் அவரோடு வாதாடி வெல்ல ஏலாது.

சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தபின் படையிலும் சிங்களச் சோதனை வைத்தார்கள். அவர் தேறினார். பதவி உயர்வு மட்டும் வரவில்லை, பின்னால் சேர்ந்தவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். "சோதினையிலை நான் பாஸ், என்ரை பேர்தான் பெயில்" என்று சொல்லிக்கொண்டு ஊருக்கு வந்தார். அப்படி வந்தவருக்குப் படைமேல் வெறுப்பு வரவேண்டாமா? வரவில்லை. எனக்கு அது இன்றும் எரிச்சல். குடியரசு வந்து சின்னத்திலிருந்து கிரீடத்தை எடுத்தபோதும், "இராணி போனால் போகட்டும், யானையும் மரமும் நிக்குதுதானே" என்றார். அவர் படையில் ஒரு வழக்கம் இருந்ததாம். அதே சின்னம் குத்திய ஒருவனை எந்த ஊரில் கண்டாலும் முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும், பிறகுதான் பேர் கேட்க வேண்டும்.

இந்த வருடத் தொடக்கத்தில் அதே படைப்பிரிவு எங்கள் துறைக்குக் காவலுக்கு வந்தது. ஊர் கதவைச் சாத்திக்கொண்டது. அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து என்னிடம் ஒரு வாளி தண்ணீரும் குவளைகளும் கேட்டார்.

"போகாதேங்கோ அண்ணை."

"என்ரை ஆக்கள் வந்திருக்கிறாங்கள். நான் போகாமல் ஆர் போறது?"

நான் கடை வாசலில் நின்று பார்த்தேன். நல்ல சிங்களத்தில் பேசினார். சிப்பாய்கள் சிரித்தபடி வாங்கிக் குடித்தார்கள். பிறகு ஒருவன் பேர் கேட்டான். சொன்னார். அவன் முகம் மாறியது. இதை எவனிடம் களவெடுத்தாய் என்று கேட்டபடியே தொப்பியைப் பறித்து, சின்னத்தைப் பிய்த்தெடுத்துவிட்டு, வெறும் தொப்பியை நிலத்தில் எறிந்தான். அவன் தொப்பியிலும் அதே யானை, அதே மரம். மற்றவர்கள் பார்த்துக்கொண்டே தண்ணீரைக் குடித்து முடித்தார்கள். அவர்கள் கையில் என் கடைக் குவளைகள் இருந்தன.

வாளியைத் திருப்பித் தரும்போது, "அவங்களுக்கு ஆரும் சொல்லிக் குடுக்கேல்லை" என்றார், அவ்வளவுதான்.

அதன்பிறகு வெறுந்தலையோடு பூசைக்குப் போனார். கடையில் யானைக் கதையும் இல்லை, மரக் கதையும் இல்லை. மனம் கேளாமல் ஒருநாள் நானே சீண்டினேன்: "அது தென்னைதானே அண்ணை?"

"இருக்கும்" என்றார்.

தொப்பியைப் பறித்ததைக்கூட ஒருநாள் மறப்பேனோ என்னவோ. அவரை அந்த ஒரு சொல்லைச் சொல்ல வைத்தார்களே, அதை மன்னிக்க மாட்டேன்.

அடக்கத்துக்குப் படையிலிருந்து ஒரு குருவிகூட வரவில்லை. அவர் மனைவி திரேசம்மா அக்கா தொப்பியை என்னிடம் தந்தார். அது இப்போது கடையின் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. முன்பக்கத்தில் இரண்டு ஓட்டைகள். தேத்தண்ணி குடிக்க வருகிறவர்கள் அங்கே என்ன இருந்தது என்று கேட்கிறார்கள். சொல்கிறேன்: மேலே கிரீடம், நடுவில் யானை, யானைக்குப் பின்னால் ஒரு பனை.