மல்பே தீவுப் பயணமும் நங்கூரத்தில் நான் போட்ட கட்டும்

1963 ஜனவரி, பொங்கல் கழிந்த வாரத்தில் நானும் ராயப்பனும் பெங்களூரிலிருந்து, உடுப்பிக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரான மல்பேக்குப் போனோம். சுற்றிப் பார்க்க அல்ல, படகில் வேலை பார்க்க. ஒரு தொழிற்சாலையின் அதிகாரிகள் ஐந்து பேர் அங்கே ஒரு விசைப்படகை இரண்டு நாளைக்கு வாடகைக்குப் பேசியிருந்தார்கள். தூண்டில் போட்டு மீன் பிடிப்பதும் தீவைச் சுற்றுவதும் திட்டம். படகோடு ஓட்டுகிற தண்டேல் ஒருவர்தான் வருவார், கையாட்கள் இரண்டு பேரை நீங்களே கொண்டுவாருங்கள் என்று படகுக்காரர் எழுதிவிட்டார். அல்சூர் ஏரியில் இருபத்திரண்டு வருடமாகப் படகு பார்த்துக்கொள்கிறவன் என்பதால் என்னைக் கேட்டார்கள். பிரேசர் டவுனில் தையற்கடை வைத்திருக்கும் ராயப்பனை நான்தான் சேர்த்துக்கொண்டேன். நன்றாகச் சமைப்பான். அந்தத் தொழிற்சாலையின் சீருடையெல்லாம் அவன் கடையில்தான் தைக்கிறார்கள், அதிகாரிகளிடம் முகம் காட்டினால் நல்லது என்றும் சொன்னேன்.

அந்தப் பயணத்தில் ராயப்பனின் வலது கைக் கட்டைவிரல் போயிற்று. தப்பு யாருடையது என்று அதிகாரிகள் எழுதி வைத்திருப்பது பொய். அதனால் போகிற வழியையும் எழுதுகிறேன், நடந்ததையும் எழுதுகிறேன்.

வழி சுலபம். சிட்டி ஸ்டேஷனில் இரவு வண்டி ஏறினால் விடிந்து ஆறே முக்காலுக்கு சிமோகா. மூன்றாம் வகுப்பு ஆறு ரூபாய் எண்பது நயா பைசா. அங்கிருந்து தீர்த்தள்ளி வழியாக ஆகும்பேக்கு பஸ், ஏறக்குறைய ஐம்பத்தைந்து மைல். சாலைக் கற்களில் கிலோமீட்டர் எழுத ஆரம்பித்துவிட்டார்கள், நான் மைலை விடுவதாக இல்லை. ஆகும்பேயில் பெரிய பஸ் நின்றுவிடும். மலை இறங்கச் சின்ன வண்டிக்கு மாற வேண்டும். வளைவுக்கு வளைவு ராயப்பன் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, டிரைவர் கண்ண மூடிக்கினு ஓட்டறானா பாருங்க."

முன்னாலிருந்து பதில் வந்தது, அரைகுறைத் தமிழில். "நான் மூடலே சாமி. நீங்க மூடிக்கோங்க, அது போதும்."

வண்டியே சிரித்தது. உடுப்பி சேர மாலை மூன்றாகிவிட்டது. சிமோகாவிலிருந்து இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து ஐந்தே கால் ரூபாய். உடுப்பியிலிருந்து மல்பே நாலு மைல்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் படகில் நான் தனியாக இருந்தேன். தண்டேல் டீசல் வாங்கப் போயிருந்தார். முன்பக்கம் கிடந்த நங்கூரத்தைப் பார்த்தேன். கயிற்றை அதன் தலை வளையத்தில் கட்டாமல் அடிப்பக்கத்தில் கட்டி, தண்டோடு மேலே கொண்டுவந்து, வளையத்தில் வெறும் சணல் நூலால் நாலு சுற்றுச் சுற்றியிருந்தது. நூல் பாதி நைந்திருந்தது. சோம்பேறி வேலை என்று நினைத்தேன். என் பையில் கம்பி இருந்தது. நூலை அறுத்து எறிந்துவிட்டு ஆறு சுற்றுக் கம்பி போட்டு முறுக்கினேன். கையைக் கிழிக்கக்கூடாது என்று மேலே சாக்குத் துணியும் சுற்றினேன். யாரிடமும் கேட்கவில்லை. படகு விஷயத்தில் நான் யாரிடமும் கேட்டுக் கற்றவன் இல்லை.

எட்டேகாலுக்குக் கிளம்பினோம். தீவு நாலு மைல், முக்கால் மணி நேரம். வழியில் அதிகாரிகளுக்கு இரண்டு வஞ்சிரம் மாட்டியது. தீவில் கரையெல்லாம் செதுக்கி நட்டதுபோலக் கருங்கல் தூண்கள். தென்னை உண்டு, குடிக்கத் தண்ணீர் கிடையாது. பாறைகளுக்குச் சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டோம். ராயப்பன் வைத்த குழம்பை எல்லாரும் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அவன் என் காதருகே, "அடுத்த வருசத் துணியும் நமக்குத்தாண்ணே" என்றான்.

மூன்று மணிக்குக் காற்று எழுந்தது. கிளம்பலாம் என்றார் தண்டேல். நங்கூரம் வரவில்லை. பாறை இடுக்கில் மாட்டியிருந்தது. அவர் பதறவில்லை. கயிற்றைப் படகின் முன்பக்கம் நட்டிருந்த கட்டையில் மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை ராயப்பனிடம் கொடுத்து, இறுக்கிப் பிடி என்றார். பிறகு எஞ்சினை முன்னால் விட்டார். "நூல் அறுந்துடும், தானா திரும்பிக்கும்" என்று கன்னடத்தில் சொன்னார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த நூல் அறுவதற்காகவே கட்டியது. அறுந்தால் இழுப்பு அடிப்பக்கத்துக்கு மாறும், நங்கூரம் பின்பக்கமாக இடுக்கைவிட்டுக் கழன்று வரும். அல்சூரில் அடியெல்லாம் சேறு. அங்கே எந்த நங்கூரமும் மாட்டியதில்லை.

நிறுத்துங்கள் என்று நான் வாயெடுப்பதற்குள் அலை முன்பக்கத்தைத் தூக்கியது. கம்பி அறவில்லை, கட்டையில் கயிறு ஒரு முழம் வழுக்கியது. ராயப்பன் விடவில்லை. பிடி என்று சொன்னார்கள், பிடித்துக்கொண்டிருந்தான். கட்டைக்கும் கயிற்றுக்கும் நடுவில் அவன் கை போயிற்று.

தண்டேல் கயிற்றை வெட்டினார். "நூல் ஏன் அறுந்துபோகலே?" என்று கேட்டார்.

"நூல் இல்ல. கம்பி. காலையில நான்தான் மாத்தினேன்" என்றேன். நான் சொன்னது ஐந்து அதிகாரிகள் காதிலும் விழுந்தது. தண்டேல் எஞ்சின் பக்கம் போய்விட்டார். கரை சேர ஒரு மணி பத்து நிமிடம், உடுப்பி ஆஸ்பத்திரிக்கு இன்னும் அரை மணி. கட்டைவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. ஆள்காட்டி விரல் இருக்கிறது, மடங்காது.

மூன்றாம் நாள் ராயப்பன் பேசினான். "கத்தரிய இடது கைல புடிச்சா பேண்ட்டு ஒரு பக்கமா போவும்ணே. நொண்டிங்கள்லாம் நம்ம கடைக்கே வருவாங்க." நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

பெங்களூர் திரும்பியதும் அதிகாரிகள் சார்பில் தொழிற்சாலையின் செயலாளர் ஒரு குறிப்பு எழுதினார். கையாட்கள் இருவரின் கவனக்குறைவால் விபத்து என்று. இருவர். அதைக் காட்டி, கவனமில்லாதவன் என்று ராயப்பனிடமிருந்து சீருடைத் தையலை எடுத்துவிட்டார்கள். அவன் மனைவி மேரி நன்றாகத் தைப்பாள், கடையை ஓட்டியிருப்பாள். துணி வந்தால்தானே? திருத்தி எழுதுங்கள் என்று மூன்று கடிதம் போட்டேன். நேரிலும் போனேன். செயலாளர் உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை.

"பெரியவரே, ரெண்டு பேர் பேரும் இருந்தா உங்களுக்குத்தான் பாரம் கம்மி. விட்டுடுங்க."

"எனக்குக் கம்மி வேணாம். முழுசா என் பேர்ல எழுதுங்க."

எழுதவில்லை. இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

நீங்கள் மல்பே போவதானால் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். படகு வாடகை இரண்டு நாளைக்கு டீசலோடு நூற்று நாற்பது ரூபாய். தீவுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோங்கள், இரண்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள். படகில் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: இன்னொருவர் போட்ட கட்டு எவ்வளவு மட்டமாகத் தெரிந்தாலும், போட்டவரைக் கேட்காமல் அவிழ்க்காதீர்கள். ஏரியில் தொழில் படித்தவர்கள் முக்கியமாக. கயிறு இழுக்கும்போது கட்டைக்குப் பக்கத்தில் யார் கையும் இருக்க விடாதீர்கள்.

இதைப் படிக்கிறவர்களில் அந்தத் தொழிற்சாலைக்காரர்கள் யாராவது இருந்தால் உங்கள் செயலாளரிடம் காட்டுங்கள். கம்பியைக் கட்டியவன் நான் ஒருவன். ராயப்பன் அந்த நேரத்தில் மல்பே கடைத்தெருவில் வெங்காயம் வாங்கிக்கொண்டிருந்தான்.