மாத்திரை கொடுத்த வாக்கு

தபால்காரருக்கு ஒரு தோள் சற்றுத் தாழ்ந்திருக்கும். அவர் சட்டைக்கு மட்டும் தையல்காரர் அந்தப் பக்கம் மெல்லிய பஞ்சு வைத்துத் தைப்பார். போட்டுக்கொண்டால் இரண்டு தோளும் சமமாகத் தெரியும். தபால்காரரிடம்கூட அதைச் சொன்னதில்லை. கடையில் பித்தானுக்குக் காஜா எடுக்கும் அக்கா ஒருத்திக்குத்தான் தெரியும்.

பேச்சில் தையல்காரர் அப்படியொரு சிக்கனம். "வாங்க", "கையைத் தூக்குங்க", "வெள்ளிக்கிழமை", இவற்றை வைத்தே ஒரு நாளை ஓட்டிவிடுவார். சொன்ன வெள்ளிக்கிழமை தவறாது.

துணித் தூசியில் அவருக்கு மூச்சிரைப்பு வந்தது. மருத்துவர் மாத்திரை கொடுத்தார். கடவுள் புண்ணியத்தில் இரைப்பு அடங்கியது, வாய் திறந்துகொண்டது. அளவெடுக்கும்போதே பாட்டு. வருகிறவர்களுக்கெல்லாம் நாளைக்கே தருவதாக வாக்கு. சட்டையில் இரண்டு பை கேட்டவருக்கு நாலு பை. தூக்கம்தான் அவரை எட்டிப் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மூலையில் சும்மா கிடந்த இரண்டாவது மெஷினைக் காட்டி, "காஜா எடுத்தது போதும்க்கா. இதுல உட்காருங்க, தைக்கக் கத்துத் தர்றேன்" என்றார். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எத்தனையோ வருட ஆசை; வாய்விட்டுக் கேட்டதில்லை.

அவர் மனைவிதான் சந்தேகப்பட்டு, அவரை மருத்துவரிடம் இழுத்துப் போனாள். சிலருக்கு இந்த மாத்திரை மனதை இப்படித் தூக்கிவிடும், சட்டென்று நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம் என்றார் மருத்துவர்.

மாத்திரை குறையக் குறையப் பாட்டும் நின்றது. வெட்டிப் போட்ட துணி மட்டும் மலையாகக் கிடந்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, தையல்காரர் வீடு வீடாகப் போய், அன்று பேசியது தான் இல்லை, மாத்திரைதான் என்று சொல்லித் தவணை கேட்டார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. நாலு பைக்காரர் மட்டும் பையைப் பிரிக்க விடமாட்டேன் என்றுவிட்டார்.

அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். எல்லா வாக்கும் மாத்திரையுடையது என்றால், தனக்குக் கொடுத்ததும் அதில் சேர்த்திதானே? ஆண்டவனை நினைத்துக்கொண்டு காஜா எடுத்தாள்.

ஒரு நாள் காலையில் அவள் வந்தபோது தையல்காரர் அந்த மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஸ்டூலைத் துடைத்து அவள் பக்கம் தள்ளினார்.

"அதுவும் மாத்திரை சொன்னதுதானே?" என்றாள்.

"மனசுல ரொம்ப நாளா கிடந்ததுக்கா. மாத்திரை வெளியே தள்ளிவிட்டுடுச்சு."

தையல் கையில் படிந்த பிறகு, மகள் இருக்கும் ஊரில் சொந்தமாகக் கடை போட அக்கா கிளம்பினாள். பிறகு இருவரும் பார்த்துக்கொள்ள வாய்க்கவில்லை. அவள் கிளம்பிய அன்று தையல்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வாசல்வரை வந்தார்.

"யாருக்கா இருந்தாலும் தேதியை யோசிச்சுச் சொல்லுங்கக்கா. ஏதாவது மாத்திரை சாப்பிட்டிருந்தீங்கன்னா, அன்னைக்கு வாயே திறக்காதீங்க."