மாதாவின் பிக்கப்புக்கு விளக்குப் பூட்டிய அம்புறோஸ்

அம்புறோஸ் பயந்த சுபாவம். லா சப்பலில் எங்கள் தமிழ்ச் சனத்தில் இது தெரியாதவர் இல்லை. எதிர்ப்பக்கத்தால் ஒரு பொலிஸ்காரர் போனாலே சட்டைப்பையில் விசா இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இருந்த மரக்கறிக் கடையொன்றுக்குச் சாமான் ஏற்றுவதுதான் அவருடைய வேலை. முதலாளி வாங்கிய புதுப் பிக்கப்பைத் தினமும் காலையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, சிலுவை போட்டுவிட்டுத்தான் ஏறுவார். நாங்கள் வாய்விட்டே சிரிப்போம்.

2017 மார்கழியில் அமலோற்பவ மாதா திருநாள் பவனிக்கு அந்தப் பிக்கப்பைத்தான் கேட்டு வாங்கினோம். பின்தட்டில் மாதா சுரூபம், சுற்றிவர விளக்குகள், பக்கத்தில் சிறகு வைத்த சம்மனசு வேடத்தில் அம்புறோசின் ஆறு வயது மகள் அனுஜா. தாய் பேர்ளி போனில் மகளைப் படம் பிடித்தபடியே நின்றாள். ஈரத்தில் வழுக்கி விழாமல் இருக்க, பிள்ளையின் இடுப்பைப் பீடத்தோடு சேலைத் துண்டால் கட்டிவிட்டிருந்தோம். செட்டைகள் வலைத்துணி, பீடம் முழுக்கக் கடதாசிப் பூ. பூவுக்குப் பொறுப்பு நான், விளக்குக்கு அம்புறோஸ்.

"விளக்கு வயரைப் பின்லைற் வயரிலை முறுக்கிவிடன். அஞ்சு நிமிச வேலை" என்றார் லாசர். திருநாள் குழுவின் தலைவர் அவர், பொறுமை இல்லாத மனுசன்.

"வேண்டாம் அண்ணை. இந்த வாகனத்திலை எல்லாத்துக்கும் கொம்பியூட்டர். அதிலை கைவைச்சா பிரேக் லைற்றும் சேர்ந்து நிண்டிடும்."

பற்றறியிலிருந்தே தனி வயர் இழுத்தார் அம்புறோஸ். பற்றறிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ் போட்டார். பன்னிரண்டு வோல்ட் என்ன செய்துவிடும் என்று லாசர் நக்கலடித்தார்.

"ஷொக் அடிக்காது அண்ணை. பத்தி எரியும். வயர் எங்கையாவது நசிஞ்சா இந்தப் பியூஸ்தான் முதல் போகோணும். அப்பத்தான் என்ரை பிள்ளை தப்பும்."

சொன்னபடியே நடந்தது. பவனிக்கு வண்டியைச் சற்று முன்னே நகர்த்தியதும் விளக்குகள் அணைந்தன. புதுப் பியூஸ் போட்டார், அதுவும் போயிற்று. வயர் எங்கோ பீடத்தின் இரும்புக்காலில் உரசுகிறது, இறப்பர் வைக்க வேண்டும் என்று சொல்லிக் கடைக்கு ஓடினார். முன்பக்கப் பொனற் திறந்தபடி கிடந்தது.

அவர் திரும்பி வரும்போது விளக்குகள் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. சனம் கைதட்டியது. "மாதா கிருபை!" என்றார் லாசர். அம்புறோசின் முகம் வெளிறிப் போனது. "தன்பாட்டிலை வராது அண்ணை, பொறுங்கோ" என்றார். யார் கேட்டார்கள்? லாசர் பொனற்றை அடித்து மூடினார், சுவாமியார் செபமாலையைத் தொடங்கிவிட்டார், பின்னால் சனம் நெருக்கியது. அம்புறோஸ் ஏறினார். ஓட்டியதைவிடக் கண்ணாடியில் மகளைப் பார்த்ததுதான் அதிகம்.

தெருமுனை வரவில்லை. இறப்பர் கருகும் மணம் வந்தது. பூக்களுக்கு அடியில் மெல்லிய புகை.

"பிள்ளையை இறக்குங்கோ!"

அம்புறோஸ் அப்படிக் கத்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. பின்தட்டில் பாய்ந்து ஏறி, முடிச்சு அவிழவில்லை என்றதும் பல்லால் கடித்துக் கிழித்து, பிள்ளையைத் தூக்கித் தாய் பேர்ளியின் கையில் எறியாத குறையாகக் கொடுத்தார். ஓடிப்போய்ப் பொனற்றைத் திறந்து பியூசை வெறுங்கையால் பிடுங்கினார். உள்ளங்கை பொசுங்கியது. புகை நின்றது.

பக்கத்தில் நின்ற எனக்கும் அது தெரிந்தது. எரிந்துபோன பியூசின் இரண்டு காலையும் சேர்த்துச் செப்புக்கம்பி சுற்றியிருந்தது. ஊரில் வீட்டுப் பியூஸ் போனால் நாங்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். கம்பி சுற்றினால் பியூஸ் போகாது, வயர்தான் எரியும்.

பேர்ளி அந்தக் கம்பியைப் பார்த்தாள். "இருட்டிலை பிள்ளையின்ரை படம் வராதெண்டு... நான்தான் கம்பியை..." என்று அவருக்கும் பக்கத்தில் நின்ற எனக்கும் மட்டும் கேட்கச் சொன்னாள்.

அதற்குள் லாசர் வந்துவிட்டார். "தெரியாட்டில் ஏன்ரா தொட்டனி? பிள்ளையையே எரிக்கப் பாத்தியே!"

அனுஜா தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, யார் செய்தது என்று தகப்பனிடம் பிரெஞ்சில் கேட்டாள்.

அம்புறோஸ் செப்புக்கம்பியைப் பொசுங்கிய கைக்குள்ளேயே வைத்துப் பொத்தினார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. லாசருக்கு நாலு வார்த்தை கொடுக்க வாயைத் திறந்தேன். அம்புறோஸ் என்னைப் பார்த்தார். அத்தனை வருசத்தில் அவர் முகத்தில் அவ்வளவு பயத்தை நான் கண்டதில்லை.

"பப்பாதான் செல்லம்" என்றார். "பப்பா பிழையாப் பூட்டிப்போட்டன். நீ அம்மாவை விட்டிடாதை, இறுக்கிப் பிடி."