அண்ணன் கொடுத்த மனையில் வெட்டாத குழி

குழியக்கா என்ற பெயர் முதன்முதலில் என் காதில் விழுந்தது என் ஓரகத்தி வாயிலிருந்துதான். அவளுக்குச் சித்தி மகள் முறை. "எங்க குழியக்கா சொந்தமா வீடு கட்டப் போறா" என்று அவள் பெருமையடித்துக்கொண்டபோது, கன்னத்தில் குழி விழுமோ என்று கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. கன்னத்தில் இல்லை. அவள் கடப்பாரை பட்ட இடத்தில் விழும் குழி.

செப்டிக் டேங்க் வைக்கப்போகும் மனையில், மண் தண்ணீரைக் குடிக்குமா என்று பார்த்துச் சொல்வதுதான் அவள் பிழைப்பு. தொட்டியிலிருந்து வழிவதை மண் உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காவிட்டால் வீட்டுக்கே திரும்பி வரும். குறுகலாக ஒரு குழி வெட்டுவாள். கடப்பாரை பட்டு வழவழவென்று ஆன பக்கங்களை ஆணி அடித்த கட்டையால் கீறிவிடுவாள். அடியில் கழுவிய கூழாங்கல்லைப் பரப்பி, தண்ணீர் ஊற்றி ஊறவிடுவாள். மறுநாள் மறுபடி நிரப்பிவிட்டு, தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கப் பக்கத்திலேயே குந்திக்கொள்வாள். அடுப்பில் பாலை வைத்தவள் மாதிரி கண் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகாது.

புருஷன் செத்த பிறகு எடுத்த தொழில் இது. அப்போது அவளுக்குத் தண்ணீர் சுமந்தது அண்ணன்தான். கூடப் பிறந்தது அவன் ஒருவன். பிள்ளை குட்டி இல்லாதவளுக்கு அவனே எல்லாம்.

அப்பா விட்டுப்போனது இரண்டு மனை, மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று. பங்கு பிரிக்க உட்கார்ந்த அன்று அண்ணன் முந்திக்கொண்டான். "கீழ் மனைதான் பஸ்ஸுக்குப் பக்கம். அது தங்கச்சிக்கு. நான் மேடு ஏறிக்கறேன், காலுக்கும் நல்லது."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

வீடு கட்ட வந்த கொத்தனார் மட்டும் தலையைச் சொறிந்தார். "ஏங்க்கா, ஊருக்கெல்லாம் பாக்கறீங்க, நம்ம மனையில ஒரு குழி போட்டுப் பாத்துடலாமே?"

"அண்ணன் ஆசையா குடுத்த எடத்தைக் குத்திப் பாக்கறதா? அப்புறம் அவன் மூஞ்சில எப்படி முழிக்கறது? நீ சுவத்தைப் பாருப்பா."

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததெல்லாம் அந்தச் சுவரில் ஏறியது. முதல் மழைக்கே குளியலறைத் தண்ணீர் போக மறுத்தது. அடுத்த மழையில் கொல்லைப்புறம் முழுக்கக் கழிவு மிதந்தது. சோற்றுத் தட்டைக் கையில் எடுக்க முடியாத நாற்றம்.

உறிஞ்சு குழியை இடம் மாற்றிப் பார்க்கலாம் என்று கொத்தனார் வேலி ஓரமாகத் தோண்டினார். பிசுபிசுவென்று ஒட்டும் களிமண். நடுவில் கடப்பாரை கறகற என்றது. அவள் தானே இறங்கிக் கையை விட்டாள். கொத்தாகக் கூழாங்கல் வந்தது. சேற்றை வழித்துப் பார்த்தாள். எல்லாம் ஒரே அளவு, சிவப்பு ஓடிய கல். அவள் சலித்து, கழுவி, சாக்கில் கட்டி வைக்கிற கல். பங்கு பிரிப்பதற்கு முன்னால் அந்தச் சாக்கு ஒருமுறை இளைத்துப் போயிருந்தது. இதே கொத்தனார்மேல் சந்தேகப்பட்டுக் கொஞ்ச நாள் முகம் கொடுக்காமல் இருந்தாள். இப்போது அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஈரக்கையோடு மேடு ஏறினாள். அண்ணி கதவைத் திறந்தாள்.

"என்னம்மா, காலங்காத்தால கல்லும் சேறுமா? குழி குழின்னு அலைஞ்சு புத்தியும் அதுக்குள்ள விழுந்துடுச்சா?"

அவள் அண்ணியைப் பார்க்கவில்லை. "அண்ணா, இது யார் சாக்குக் கல்லு?"

அண்ணன் கல்லைப் பார்த்தான், சேற்றைப் பார்த்தான். மழுப்ப வாய் வரவில்லை. "தண்ணி இறங்கவே இல்லம்மா. மறுநாளும் அப்படியே நின்னுச்சு. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு, நான் என்ன செய்ய?"

"அதனால என் தலையில கட்டினியா?"

"நீ பாக்காம விடுவேன்னு யாருக்குத் தெரியும்? ஊருக்கே சொல்றவ உனக்குப் பாத்துக்க மாட்டியா?"

"பாத்திருந்தா, மேட்டை எனக்குக் குடுத்திருப்பியா?"

அண்ணிதான் முந்திக்கொண்டாள். "பேசி முடிச்சதை இப்ப கிளறினா என்ன வரப்போகுது?"

"நாத்தம் வரும் அண்ணி. எனக்கு வந்துடுச்சு."

கல்லை அங்கேயே போட்டுவிட்டு வரலாம் என்று கையை விரித்தாள். என்ன தோன்றியதோ, மறுபடி மூடிக்கொண்டாள். கீழே வந்து, அதைக் கழுவி, சாக்கிலேயே போட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்த மேடு ஏறவில்லை. அண்ணனின் பெரிய பெண் மட்டும் நடுவில் ஒருமுறை வந்து, "அத்தை" என்று வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனாள்.

குழியக்கா இன்னும் பிறத்தியார் மனைகளில் குழி வெட்டுகிறாள். பள்ளத்து வீட்டில்தான் இருக்கிறாள். தொட்டி நிரம்பும்போதெல்லாம் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது.